அணு ஆயுதத்தை ஒழிப்பது சரி, எண்ணுவது யார்?

வடகரை | 6 ஆகஸ்ட் 2025, காலை 8.40

ஹிரோஷிமாவுக்கு இன்றோடு 80 வருடம். விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே புறாப் படம். என் கேள்வி ஒன்றுதான். எல்லா நாடும் நாளைக்கே ஒழிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் குண்டும் போய்விட்டது என்று யார், எதை வைத்துச் சொல்வது? நிலவறையில் பத்துக் குண்டைப் பதுக்கியவன்தானே அன்றைக்கு ராஜா? ஒழிப்பு நடக்காத காரியம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தத்துவம் பேச வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட், இரவு 10.15

ஒரு நாடு செய்து முடித்த காரியத்தை நடக்காது என்று எப்படிச் சொல்வது? தென் ஆப்பிரிக்கா ஏழு குண்டு செய்தது. ஏழையும் தானே பிரித்துப்போட்டது.

1989 செப்டம்பரில் டி கிளார்க் அதிபரானார். 1990 பிப்ரவரி 1-ஆம் தேதி வலிந்தாபாவில் இருந்த ஒய் ஆலையை மூடினார்கள். குண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டியது அந்த ஆலைதான். அந்த மாதக் கடைசியில் குண்டுகளைப் பிரிக்க எழுத்து மூலம் உத்தரவு வந்தது. 1991 ஜூலை 10-இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் யுரேனியம் முழுக்க உருக்கப்பட்டு அணுசக்திக் கழகத்தின் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. இவ்வளவும் முடிந்து, 1993 மார்ச் 24-இல்தான் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் வாயைத் திறந்தார்.

குண்டுகள் துப்பாக்கி வகை: ஒரு யுரேனியத் துண்டை இன்னொன்றின் மேல் சுடுவது. ஹிரோஷிமாவில் விழுந்ததும் அதே வகை. ஒவ்வொன்றிலும் சுமார் 55 கிலோ செறிவூட்டிய யுரேனியம். முன்பாதி ஒரு பெட்டகத்தில், பின்பாதி வேறு பெட்டகத்தில் கிடந்தன. பிரிப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட், இரவு 10.52

திருத்தம். ஏழு தப்பு. முடிந்த குண்டு ஆறு, ஏழாவது பாதியில் நின்றது. எண்ணுவதைப் பற்றிய இழையில் முதல் எண்ணிக்கையே தப்பு. ராசிதான்.

வடகரை | 7 ஆகஸ்ட், காலை 7.05

ஆறு என்று அவர்களே சொன்னார்கள், சரி. எட்டு இல்லை என்பதற்கு என்ன சாட்சி? காகிதத்தையெல்லாம் வேறு கிழித்துப் போட்டுவிட்டார்களாமே?

கணக்குப்பிள்ளை | 7 ஆகஸ்ட், இரவு 9.30

வடிவமைப்பு ஆவணங்களை அழித்தது உண்மை. 1993-இல் அறிவித்த பிறகு சர்வதேச அணுசக்தி முகமை (இனிமேல் முகமை) எதை எண்ணியது என்று பாருங்கள். குண்டு அங்கே கிடையாது, அதனால் யுரேனியத்தை எண்ணியது. நெல் அரவை மில் கணக்கு மாதிரிதான்: உள்ளே எத்தனை மூட்டை போயிற்று, அரிசி எவ்வளவு, தவிடு எவ்வளவு, உமி எவ்வளவு. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாக வரவேண்டும். ஒய் ஆலையின் இயக்கப் பதிவேடுகளைப் புரட்டி, ஆலை ஓடிய காலத்தில் எவ்வளவு உயர் செறிவு யுரேனியம் வந்திருக்க முடியும் என்று போட்டு, கிடங்கில் இருப்பதோடு ஒப்பிட்டார்கள். ஆட்களிடம் நேரில் பேசினார்கள். கலஹாரி பாலைவனத்தில் வஸ்த்ராப் என்ற இடத்தில் சோதனைக்காகத் தோண்டிய இரண்டு குழிகளை (ஒன்று 385 மீட்டர் ஆழம், இன்னொன்று 216) முகமை பார்க்கவே கான்கிரீட் போட்டு அடைத்தார்கள்.

இது சுலபமாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1979 ஆகஸ்டில் அந்த ஆலைக்குள் யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு வாயுவும் அதைச் சுமந்துபோகும் ஹைட்ரஜனும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, ஆலை 1980 ஏப்ரல் வரை நின்றுபோனது. இப்படி ஆகும்போது யுரேனியம் திடப்பொருளாக மாறிக் கருவிகளுக்குள் அப்பிக்கொள்ளும். எவ்வளவு அப்பியது என்று எழுதும் இடத்தில் ஒருவர் உத்தேசமாகத்தான் எழுத முடியும்.

அடுத்தது உமி. செறிவூட்டிய பிறகு மிஞ்சும் கழிவு யுரேனியத்திலும் யு-235, அதாவது குண்டுக்கு உதவும் யுரேனிய வகை, கொஞ்சம் இருக்கும். ஒரு ஆலையில் ஆயிரம் டன் கழிவு கிடக்கிறது என்று வையுங்கள். அதில் யு-235 அளவைக் குறித்ததில் 0.01 சதவீதம் பிசகினால் நூறு கிலோ யு-235 காணாமல் போகும், அல்லது திடீரென்று முளைக்கும். ஒரு குண்டுக்குப் போதும் என்று முகமை வைத்திருக்கும் கணக்கு 25 கிலோ. பீப்பாய் பீப்பாயாகத் திரும்ப அளப்பதற்குக் காரணம் இதுதான்.

நெய்தல் | 7 ஆகஸ்ட், இரவு 11.20

இப்படிக் கிலோக்கணக்கில் கூடியும் குறைந்தும் வரும் கணக்கை எந்த நாடும் நம்பாது. அது தெரிந்த கதை.

கணக்குப்பிள்ளை | 8 ஆகஸ்ட், காலை 6.50

ஆறு குண்டுக்கே இந்தப் பாடு. 2025 தொடக்கத்தில் உலகத்தில் 12,241 குண்டு இருந்ததாக ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. ரஷ்யா 5,459, அமெரிக்கா 5,177, சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. 1986-இல் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆறில் ஐந்து பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 1987-இல் ரீகனும் கோர்பச்சேவும் போட்ட ஐஎன்எஃப் ஒப்பந்தத்தில் மட்டும் 2,692 குண்டு அழிந்தது.

வடகரை | 8 ஆகஸ்ட், மதியம் 1.15

மடக்கிவிட்டேன். அது ஏவுகணை. குண்டு இல்லை.

கணக்குப்பிள்ளை | 8 ஆகஸ்ட், இரவு 10.40

ஒப்புக்கொள்கிறேன், அதுவும் சாதாரணத் தப்பு இல்லை. 2,692 ஏவுகணை: சோவியத் 1,846, அமெரிக்கா 846. ஒப்பந்தப்படி அழிப்பதற்கு முன்னால் ஏவுகணையின் தலையில் இருக்கும் குண்டின், அதாவது வார்ஹெட்டின், அணுப்பொருளையும் வழிகாட்டும் கருவியையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தும் கொண்டார்கள். அழிந்தது வாகனம்தான், சரக்கு வீட்டுக்குப் போய்விட்டது.

ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் என்று நாம் கொண்டாடுகிறவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். 2010-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு ஒரு வார்ஹெட் என்று கணக்கு. அது பத்துப் பதினைந்து சுமக்கும் என்பது வேறு விஷயம். அந்த ஒப்பந்தத்தின் ஆயுளும் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதி வரைதான். நேரடி ஆய்வு 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. வார்ஹெட்டையே ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்து, அதை இன்னொரு நாடு பார்த்து உறுதிசெய்யும் ஒப்பந்தம் இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் கட்சிக்கு இது நல்ல ஆதாரம், வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட், மாலை 5.20

பிரிப்பது எப்படி நடக்கும் என்று நெய்தல் தனியாகக் கேட்டிருந்தார். அமெரிக்காவில் டெக்சாஸ், அமரில்லோ பக்கத்தில் பேன்டெக்ஸ் ஆலை. குண்டு வந்ததும் எக்ஸ்ரே எடுத்து உள்ளே எதுவும் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலில் மின்பகுதி, பாராசூட், வெளிக்கூடு. அப்புறம்தான் ஆபத்தான கட்டம்: புளூட்டோனியக் கோளத்தை, அதாவது 'பிட்'டை, சுற்றியிருக்கும் வெடிமருந்தைப் பிரிப்பது. பழைய வகை வெடிமருந்தானால் அந்த வேலை வட்டமான தனி அறைக்குள் நடக்கும். அதன் கூரைமேல் பல மீட்டர் உயரத்துக்குச் சரளைக்கல் குவித்திருக்கும். உள்ளே வெடித்தால் கூரை தூக்கி எழும்பி, சரளை அப்படியே இறங்கிப் புளூட்டோனியத் தூளை வடிகட்டி அமுக்கிவிடும். அந்த அறைக்கு அங்கே 'கிராவல் கெர்ட்டி' என்று பெயர். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற அல்ல, வெளியே இருப்பவர்களுக்காக.

பிறகு வெடிமருந்தை ஆலையிலேயே எரிப்பார்கள். டிரிட்டியம் (வெடிப்பின் வலுவைக் கூட்டும் ஒரு வகை ஹைட்ரஜன் வாயு) அடைத்த புட்டி சவன்னா ரிவர் ஆலைக்குப் போகும். யுரேனியம் அடங்கிய இரண்டாம் பகுதி ஓக் ரிட்ஜ் ஆலைக்கு. 'பிட்' பேன்டெக்ஸிலேயே தங்கிவிடும், பீப்பாய்க்குள். பத்தாயிரத்துக்கு மேல் அங்கே கிடக்கின்றன.

1990-களின் முற்பாதியில் அந்த ஆலை வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் பிரித்தது. 2023-இல் பிரித்தது 69. இதே வேகத்தில் போனால் 5,177-க்கு எழுபத்தைந்து வருடம். பழைய வேகத்தில் ஐந்தே வருடம். 2021-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் நாடுகள் 2022 ஜூனில் வியன்னாவில் கூடி, குண்டு வைத்திருக்கும் நாடு சேர்ந்தால் பத்து வருடத்துக்குள் அழிக்கவேண்டும் என்று கெடு வைத்தன. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வைத்த எண் இல்லை அது.

நெய்தல் | 10 ஆகஸ்ட், மாலை 6.02

பீப்பாயில் முழுசாகக் கிடக்கிறது என்றால் அது ஒழிப்பா? அட்டத்தில் தூக்கிவைத்த வெண்கலப் பானைதானே. வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட், இரவு 8.45

அதேதான். இதற்கு ஒரு மலிவான வழி 1990-களிலேயே பேசப்பட்டது. டிரிட்டிய வாயு போவதற்கு 'பிட்'டில் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதன் வழியாக எஃகுக் கம்பியைத் திணித்து, உள்ளே சுருண்டு நிரம்பும்படி செய்துவிடுவது. கோளம் சீராக அமுங்காது. கம்பியை வந்த வழியே இழுக்கவும் முடியாது. திரும்பவும் குண்டாக்க வேண்டுமானால் 'பிட்'டை அறுத்து வார்த்துச் செய்யவேண்டும். ஆலை வேண்டும், மாதங்கள் வேண்டும், செய்தால் வெளியே தெரியும்.

யுரேனியமானால் இன்னும் சுத்தமான முடிவு உண்டு. 1993 முதல் 2013 வரை ரஷ்யா 500 டன் குண்டு யுரேனியத்தை, அதாவது சுமார் இருபதாயிரம் குண்டுக்கானதை, நீர்த்துப்போகச் செய்து அமெரிக்க மின் உலைகளுக்கு விற்றது. உலோகத்தைச் சீவி, ஆக்சைடாக எரித்து, சுத்தம் செய்து, வாயுவாக்கி, 1.5 சதவீதச் செறிவுள்ள யுரேனியத்தோடு கலந்தார்கள். இயற்கை யுரேனியத்தோடு கலக்காமல் 1.5 எதற்கு? குண்டு யுரேனியத்தில் யு-234 என்ற இன்னொரு யுரேனிய வகை கூடுதலாக இருக்கும். உலை எரிபொருளில் அதற்கு ஒரு வரம்பு உண்டு. கழிவிலிருந்து திரும்பச் செறிவூட்டிய யுரேனியத்தில் யு-234 குறைவு, அதனால் சமன் ஆகும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் எரிந்த விளக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பழைய சோவியத் குண்டில் எரிந்தது.

புளூட்டோனியத்தில் இது பலிக்கவில்லை. ஆளுக்கு 34 டன் என்று 2000-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ரஷ்யா 2016-இல் நிறுத்திவைத்தது. அமெரிக்கா எரிபொருள் ஆலையைப் பாதி கட்டி 2018-இல் கைவிட்டது.

வடகரை | 12 ஆகஸ்ட், காலை 7.30

சரி, பிரிக்கலாம். பிரிக்க வந்த பெட்டிக்குள் இருப்பது நிஜக் குண்டுதான் என்று எப்படித் தெரியும்? ஒரு டிரம்மில் ஈயக்கட்டியைப் போட்டு 'இதோ குண்டு, எண்ணிக்கொள்' என்றால்?

கணக்குப்பிள்ளை | 12 ஆகஸ்ட், இரவு 11.10

இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அளந்து பார்க்கலாம் என்பது 1989 ஜூலையில் கருங்கடலில் நிரூபணமானது. யால்டா பக்கம் நின்ற ஸ்லாவா என்ற சோவியத் போர்க்கப்பலில், நிஜ வார்ஹெட் ஏற்றிய ஏவுகணைக் குழாயின் மேல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜெர்மானியம் டிடெக்டரை வைத்தார்கள். கதிர்களின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் யுரேனியத்தின் 186 கேஇவி (ஆற்றலை அளக்கும் அலகு) கோடும் புளூட்டோனியத்தின் கோடுகளும் பளிச்சென்று விழுந்தன. சோவியத் தரப்பு ஹெலிகாப்டரில் நியூட்ரான் கருவியைக் கட்டிச் சில பத்து மீட்டர் தூரத்திலிருந்தே குண்டு இருப்பதைக் கண்டுபிடித்தது. (அந்த ஸ்லாவாதான் பின்னால் 'மாஸ்க்வா' என்று பெயர் மாறி 2022 ஏப்ரலில் அதே கருங்கடலில் மூழ்கியது.)

சிக்கல் அதே வரைபடத்தில் இருந்தது. 2,614 கேஇவியில் ஒரு கோடு. யு-232-இன் வழிவந்த தாலியம்-208 தருவது அது. யு-232 இருந்தால் அந்த யுரேனியம் ஒரு தடவை உலைக்குள் போய்வந்தது என்று அர்த்தம். கேட்டது 'குண்டு இருக்கிறதா' என்று, கிடைத்தது அவர்கள் யுரேனியத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற ரகசியம். எந்த ராணுவமும் இன்னொருவனின் டிடெக்டரைக் கிட்டே விடாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் வந்தது 'தகவல் தடுப்பு': அளவு முழுக்க ஒரு பெட்டிக்குள் நடக்கும், வெளியே பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு மட்டும். 1996 முதல் 2002 வரை அமெரிக்கா, ரஷ்யா, முகமை மூவரும் சேர்ந்து இதற்காக உழைத்தார்கள். புளூட்டோனியம் இருக்கிறதா, அது குண்டுத் தரமா (அதாவது பு-240 என்ற வகையின் பங்கு பு-239 என்ற வகையில் பத்தில் ஒன்றுக்குக் கீழேயா), குறித்த எடைக்கு மேலேயா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் பச்சை.

இப்போது தகராறு பெட்டியின் மேல். குண்டுக்காரன் 'இது ரகசியத்தைக் கசியவிடும்' என்பான். பார்க்க வந்தவன் 'இது எதை வைத்தாலும் பச்சை காட்டும்' என்பான். ஒரு வழி: ஒரே மாதிரி இரண்டு பெட்டி, சீட்டுக் குலுக்கி ஒன்றில் அளப்பது, மற்றதை வந்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 6502 என்ற 1975-ஆம் வருடத்துச் சிப்பை வைத்துப் பெட்டி செய்தார்கள். பழைய ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் இருந்ததே, அதுதான். மூவாயிரத்துச் சொச்சம் டிரான்சிஸ்டர். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம், கள்ளக்கதவு வைக்க இடமே இல்லை. அணு ஆயுதத்தை அளக்கப் பயன்படும் என்று யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில், எங்கோ ஒரு பொம்மைக்காகத் தயாரான சிப் என்பதால் முன்கூட்டியே கெடுத்து வைத்திருக்கவும் முடியாது.

யுரேனியக் குண்டுக்கு இந்தப் பெட்டி பலவீனம். 186 கேஇவி கதிரைச் சில மில்லிமீட்டர் ஈயம் விழுங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை | 15 ஆகஸ்ட், காலை 9.00

பதுக்கிய பத்துக் குண்டு பற்றி. நவீனக் குண்டு பெரும்பாலும் டிரிட்டியத்தை நம்பி வெடிப்பது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், வருடத்துக்கு ஐந்தரை சதவீதம் கரையும். நிரப்ப வேண்டுமானால் உலை வேண்டும், பிரித்தெடுக்கும் ஆலை வேண்டும். ஆக, பதுக்கியவன் சும்மா இருந்தாலே குண்டு செத்துப்போகும்.

கணக்குப்பிள்ளை | 15 ஆகஸ்ட், இரவு 10.30

காலையில் எழுதியது வெட்டிச் சவடால். யாரும் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நானே உதாரணம் காட்டிய தென் ஆப்பிரிக்கக் குண்டில் டிரிட்டியம் கிடையாது. யு-235-இன் அரை ஆயுள் 70 கோடி வருடம். பதுக்குகிறவன் அந்த வகையைத்தான் பதுக்குவான்.

எனவே நிஜமான பதில் இதுதான்: கையில் இருக்கும் குண்டைத் தேடிப் பிரயோசனம் இல்லை, செய்யப்பட்ட பொருளின் கணக்கை ஆரம்பத்திலிருந்து எழுப்பவேண்டும். அதிலும் எல்லை உண்டு. அமெரிக்கா தன் ஐம்பது வருடப் புளூட்டோனியக் கணக்கை 1996-இல் வெளியிட்டபோது ஏட்டுக்கும் இருப்புக்கும் 2.8 டன் வித்தியாசம். குழாயில் ஒட்டியது, கழிவில் போனது, அளவைப் பிழை. திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு குண்டுக்கு 8 கிலோ புளூட்டோனியம் என்ற முகமையின் கணக்கில் அது 350 குண்டு. வெளிப்படையாகக் கணக்குக் காட்டிய நாட்டின் நிலை அது.

ஏட்டை நம்பாமல் அளக்கவும் வழி இருக்கிறது. மூடிப்போன கிராஃபைட் உலைகளில் கிராஃபைட்டைச் சுரண்டி, அதிலிருக்கும் போரான் போன்ற அசுத்தங்களின் ஐசோடோப் விகிதத்தைப் பார்த்தால், அந்த உலை தன் ஆயுளில் எவ்வளவு புளூட்டோனியம் செய்தது என்று சொல்லலாம். மரத்தின் வளையத்தை எண்ணுகிற மாதிரி. உலையை இடித்து மண்ணில் புதைத்துவிட்டால் இந்தச் சாட்சியும் போச்சு. ஒழிப்பு நாளைக்கோ நூறு வருடம் கழித்தோ, பழைய ஏட்டையும் பழைய கிராஃபைட்டையும் இப்போதே பத்திரப்படுத்தவேண்டும். ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு நாடும் தனியாகவே செய்யலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1992-இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் வந்தும் நிற்கவில்லை.

வடகரை | 17 ஆகஸ்ட், காலை 8.10

இவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதற்கு ஒழிப்பு? இருக்கிறபடி இருக்கட்டுமே.

கணக்குப்பிள்ளை | 17 ஆகஸ்ட், இரவு 9.50

இருக்கிறபடி இருப்பதில் எத்தனை ஓட்டை என்று யாரும் கேட்பதில்லை.

1980 செப்டம்பர் 18, அமெரிக்காவின் ஆர்கன்சாவில் டமாஸ்கஸ் என்ற ஊர். டைட்டன் 2 ஏவுகணைக் கிணற்றில் ஒருவர் கையிலிருந்த ஸ்பேனரின் மூன்றரைக் கிலோ சாக்கெட் நழுவியது. ஏழெட்டு மாடி உயரம் விழுந்து, எகிறி, எரிபொருள் தொட்டியில் ஓட்டை. மறுநாள் விடியுமுன் ஏவுகணை வெடித்தது. ஒருவர் செத்தார். ஒன்பது மெகாடன் வார்ஹெட் கிணற்றுக்கு வெளியே போய் விழுந்தது. வெடிக்கவில்லை. கைதவறிய சாக்கெட், அவ்வளவுதான்.

நம் பக்கம்: 2022 மார்ச் 9, ஒரு பிரம்மோஸ் தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் மியான் சன்னுவில் விழுந்தது. வெடிமருந்து இல்லாதது, நல்லவேளை. முதலில் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். விசாரணைக்குப் பிறகு நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று மூன்று அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாட்டுக்கு நடுவே சில நிமிடப் பறப்பு அது.

குண்டில்லாத உலகத்தில் ஒருவன் ஐந்தைப் பதுக்கலாம் என்பது அபாயம்தான். இன்றைக்குச் சுமார் 2,100 குண்டு எந்நேரமும் கிளம்பத் தயாராக ஏவுகணைமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட்டுப் பாருங்கள் என்கிறேன். முதலாவதில் ஒருவன் வேண்டுமென்றே துரோகம் செய்யவேண்டும். இரண்டாவதில் யாரோ ஒருவர் சாக்கெட்டை நழுவவிட்டால் போதும்.

நெய்தல் | 18 ஆகஸ்ட், காலை 10.05

உக்ரைனை விட்டுவிட்டீர்களே. கொடுத்தான், கெட்டான் என்று எல்லாரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை | 18 ஆகஸ்ட், இரவு 11.25

சுமார் 1,900 தொலைதூர வார்ஹெட் அங்கே இருந்தது, கடைசி 1996 ஜூனில் ரஷ்யாவுக்குப் போனது. ஆனால் ஏவும் குறியீடு மாஸ்கோவிடம். வார்ஹெட்டைப் பராமரிக்கும் ஆலைகளும் ரஷ்யாவில். சாவி இல்லாத பீரோவைக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். குறியீட்டைத் தாண்டி வருடக்கணக்கில் வேலை செய்திருந்தால் சொந்தமாக்கியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. அதை முழுக்கத் தள்ளவும் என்னால் முடியவில்லை. உக்ரைன் ஏமாந்தது 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் வாங்கிய காகிதத்தில். அதில் 'உறுதி' இருந்தது, மீறினால் யார் தடுப்பது என்ற வரி இல்லை. ஒழிப்புக்கு எதிரான வாதமாக அது எனக்குப் படவில்லை. மோசமாக எழுதிய பத்திரம்.

வடகரை | 20 ஆகஸ்ட், காலை 7.45

கட்சி மாறவில்லை. ஆனால் 'நடக்காத காரியம்' என்பதை 'கணக்கு முடியாத காரியம்' என்று திருத்திக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: அந்த ஆறு குண்டின் யுரேனியம் என்ன ஆயிற்று? அதையும் மின்சாரமாக்கினார்களா?

கணக்குப்பிள்ளை | 20 ஆகஸ்ட், இரவு 9.15

இல்லை. கொஞ்சம் மருத்துவ ஐசோடோப் செய்யப் போனது. சுமார் 200 கிலோ இன்னும் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்தில் முகமையின் கண்காணிப்பில் இருக்கிறது. அமெரிக்கா நீர்க்கச் செய்யக் கேட்டும் கொடுக்கவில்லை. 2007 நவம்பரில் ஆயுதத்தோடு ஒரு கும்பல் மின்வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறைவரை வந்து, ஒருவரைச் சுட்டுவிட்டுப் போனது. பெட்டகத்தை நெருங்கவில்லை.